டெய்சி நல்லவளாம், ஆனாலும் சாகத்தான் வேண்டுமாம்

எங்கள் மாலை வகுப்பு முடிந்த பிறகும் பிள்ளைகள் உடனே வீட்டுக்குப் போவதில்லை. கல்லூரிக்குப் போகும் மூன்று பேர் கூட்டாகக் காசு போட்டு ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஃபேனுக்குக் கீழே அதைச் சுற்றி உட்கார்ந்து கேம் விளையாடுவார்கள். எல்லாம் பத்து வருடத்துக்கு முந்தைய கேம்கள். புதியவை அந்த லேப்டாப்பில் ஓடாது. அப்படித்தான் 2013-இல் வந்த பயோஷாக் இன்ஃபினிட் எங்கள் வகுப்பறைக்குள் வந்தது. அதை முடித்துவிட்டு அதன் எக்ஸ்பான்ஷனான 'பரியல் அட் சீ'யையும் விளையாடி முடித்தார்கள். அன்றைக்கு நடந்த சண்டையில் ஒரு தம்பி எங்களைப் பார்த்துக் கேட்டான்: "அக்கா, முதல்ல டெய்சிய கெட்டவளா காட்டுனாங்க, தப்புதான். அப்புறம் அவ பக்கத்து நியாயத்தையும் காட்டிட்டாங்கல்ல? இதுக்கு மேல என்னதான் வேணும் உங்களுக்கு?"

என்ன வேண்டும் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

கேம் பக்கமே போகாத தோழர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஒரு கேம் வெளிவந்து நன்றாக ஓடினால், சில மாதம் கழித்து அதோடு சேர்த்து விளையாட ஒரு கூடுதல் பகுதியை விற்பார்கள். அதுதான் எக்ஸ்பான்ஷன். டிஎல்சி என்றும் சொல்வார்கள். அதில் ஒரு வகை, நாம் ஏற்கெனவே பார்த்த கதையை வேறொரு பாத்திரத்தின் கண்ணால் திருப்பிச் சொல்வது. 1998-இல் வந்த ஹாஃப்-லைஃப் கேமின் தொடக்கத்தில் நாம் ஒரு டிராமில் போய்க்கொண்டிருப்போம். வழியில் ஒரு காவலாளி பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார். 2001-இல் வந்த 'ப்ளூ ஷிஃப்ட்' எக்ஸ்பான்ஷனில் அந்தக் காவலாளியே நாம்தான். அதற்கு முன்பே, 1999-இல், 'ஆப்போசிங் ஃபோர்ஸ்' வந்துவிட்டது. அதில் முதல் கேமில் நம்மைக் கொல்ல வந்த ராணுவத்தின் சிப்பாயாக நாம் விளையாடலாம். ரெசிடென்ட் ஈவில் 4-இல் அவ்வப்போது வந்து மறையும் ஏடா வாங்கின் பக்கத்துக் கதையை 'செபரேட் வேஸ்' சொன்னது. ஜிடிஏ 4-இன் ஒரு வைர பேரத்தை இரண்டு எக்ஸ்பான்ஷன்கள் இன்னும் இரண்டு பேர் கண்ணால் காட்டின. இதெல்லாம் சுவாரசியமான வேலை, மறுக்கவில்லை. நாங்களும் ரசித்துத்தான் விளையாடியிருக்கிறோம்.

எங்கள் சண்டை ரசனையைப் பற்றியது அல்ல. "இன்னொரு பக்கத்துக் கதை" என்று சொன்னாலே அது முற்போக்கு என்று நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். அந்த நினைப்போடுதான் சண்டை.

ஆப்போசிங் ஃபோர்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கொல்ல வந்தவனுக்கும் ஒரு பக்கம் உண்டு என்கிறது அது. கதையாக நல்ல யோசனைதான். ஆனால் களத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த வாசகம் வேறு மாதிரி கேட்கும். ஒரு ஊரில் நம் மக்களின் வீடுகளை அடித்து நொறுக்குகிறார்கள். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் கொடுக்கிறோம். எஃப்ஐஆர் போடவே நாள் கணக்கில் அலைய வேண்டும். போட்ட மறுநாளே, அடித்தவர்கள் தரப்பில் இருந்து அடிபட்டவர்கள் மேல் ஒரு வழக்கு வந்து நிற்கும். கவுண்டர் கேஸ். "அவங்க பக்கத்தையும் கேக்கணும்ல?" என்பார்கள். பல ஊர்களில் சமாதானம் பேசி வழக்கை வாபஸ் வாங்க வைப்பதற்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்திருக்கிறது. ஆகவே, இன்னொருவர் கண்ணால் பார்ப்பது என்பது கத்தி மாதிரி. யார் கையில் இருக்கிறது என்று பார்க்காமல் அதைப் பாராட்ட முடியாது.

இப்போது டெய்சிக்கு வருவோம்.

பயோஷாக் இன்ஃபினிட் 1912-இல் நடக்கிறது. வானத்தில் மிதக்கும் கொலம்பியா என்ற வெள்ளையர் நகரம். காம்ஸ்டாக் என்பவன் அங்கே தீர்க்கதரிசி, ஆட்சியாளன், கிட்டத்தட்ட கடவுள். தொடக்கத்திலேயே ஒரு திருவிழாக் காட்சி வரும். குலுக்கலில் பரிசு விழுந்தவருக்கு முதல் பந்தை எறியும் உரிமை. எதன் மேல் எறிய வேண்டும் தெரியுமா? மேடையில் கட்டி நிறுத்தப்பட்டிருக்கும் ஒரு ஜோடியின் மேல். அவன் வெள்ளையன், அவள் கறுப்பினப் பெண். இந்தக் காட்சியைப் பார்த்தபோது எங்கள் வகுப்பில் சத்தமே இல்லை. சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காக உறவில் ஒருவர் கொல்லப்பட்டதை அறிந்த பிள்ளைகள் அந்த அறையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

கதையைத் திருப்பிச் சொல்வதில் இருக்கும் அரசியலும் இந்த கேமை எழுதியவர்களுக்குத் தெரியாததல்ல. நகரத்தில் வீரர்கள் மண்டபம் என்று ஒரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். 1890-இல் வூண்டட் நீயில் அமெரிக்க ராணுவம் லக்கோட்டா மக்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பார்க்காமல் கொன்று குவித்ததை, அங்கே வீரச்செயலாக பொம்மை வைத்துக் காட்டுகிறார்கள். நாம் விளையாடும் ஹீரோ புக்கர் அந்தப் படுகொலையில் பங்கெடுத்தவன். வென்றவன் வரலாற்றை எப்படி எழுதுகிறான் என்பதை இவ்வளவு கூர்மையாகக் காட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் டெய்சி விஷயத்தில் கண் தெரியாமல் போயிற்று.

டெய்சி ஃபிட்ஸ்ராய் கறுப்பினப் பெண். காம்ஸ்டாக் வீட்டில் வேலைக்காரி. எஜமானி கொல்லப்பட்டதும் பழி அவள் மேல் விழுகிறது. தப்பி ஓடியவள் ஒடுக்கப்பட்டவர்களையும் தொழிலாளர்களையும் திரட்டி வாக்ஸ் பாப்புலி என்ற இயக்கத்தைக் கட்டுகிறாள். எழுதப் படிக்கத் தானே முயன்று கற்று, தலைவியான ஒருத்தி. அவள் வாழ்க்கையைப் பற்றி அவளே பேசுவது எங்கே இருக்கிறது? அங்கங்கே கிடக்கும் ஒலிப்பதிவுக் கருவிகளில். எடுத்துக் கேட்டால் உண்டு, கேட்காமல் தாண்டிப் போனாலும் கேமில் ஒன்றும் குறையாது. சமூகவியல் படித்தபோது எங்கள் பாடத்திட்டத்தில் அம்பேத்கர் இருந்த இடம் நினைவுக்கு வந்தது: "மேலும் வாசிக்க" பட்டியலில் இருந்தார்.

கதையின் நடுவில் புரட்சி வெடிக்கிறது. வெடித்த வேகத்தில் அதை வெறியாட்டமாகக் காட்டிவிடுகிறார்கள். டெய்சி, தன் மக்களைப் பிழிந்தெடுத்த ஆலை முதலாளி ஃபிங்க்கைக் கொன்று அவன் ரத்தத்தை முகத்தில் பூசிக்கொள்கிறாள். அடுத்து அவனுடைய சின்னப் பையனைப் பிடித்துத் துப்பாக்கியை நீட்டுகிறாள். கதையின் நாயகி எலிசபெத், வெள்ளைக்காரப் பெண், பின்னால் வந்து கத்தரிக்கோலால் டெய்சியைக் குத்திக் கொல்கிறாள். காம்ஸ்டாக்குக்கும் இவளுக்கும் பெயர் எழுதும் எழுத்தில்தான் வித்தியாசம் என்று ஹீரோ ஒரு வசனம் பேசுகிறான். பந்தெறிய ஆளைக் கட்டி வைத்தவனும், கட்டி வைக்கப்பட்டவர்களுக்காக எழுந்தவளும் ஒன்று! நடுநிலை என்ற பெயரில் இதைவிட மோசமான ஒரு வாக்கியத்தை நாங்கள் தொலைக்காட்சி விவாதங்களில்தான் கேட்டிருக்கிறோம். கொன்ற பிறகு எலிசபெத் அழுகிறாள், முடியை வெட்டிக்கொள்கிறாள், வேறு உடை மாற்றிக்கொள்கிறாள். கேம் அவள் துக்கத்தோடு நகர்ந்துவிடுகிறது. டெய்சியின் உடலை யார் எடுத்தார்கள், அவள் இயக்கத்தில் யார் அழுதார்கள், எதுவும் இல்லை.

இது கடுமையாக விமர்சிக்கப்பட்டது. சரியாக ஒரு வருடம் கழித்து, 2014 மார்ச்சில், பரியல் அட் சீயின் இரண்டாம் பாகம் வந்தது. அதில் நாம் எலிசபெத்தாக விளையாடுகிறோம். பழைய கதைக்குள் திரும்பிப் போகும் ஒரு கட்டத்தில் ஒரு பேச்சை ஒளிந்திருந்து கேட்கிறோம். லூட்டஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் டெய்சியிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பையனைக் கொல்ல வேண்டாம், கொல்லப் போவது போல நடித்தால் போதும் என்கிறார்கள். அதைப் பார்த்து எலிசபெத் உன்னைக் கொல்ல வேண்டும், அப்போதுதான் அவள் முழு மனுஷியாவாள், பின்னால் பெரிய காரியம் செய்வாள் என்கிறார்கள். டெய்சி தயங்குகிறாள். பிறகு ஒப்புக்கொள்கிறாள்.

ஆக, டெய்சி குழந்தையைக் கொல்லப் பார்த்த கொடியவள் அல்ல. நல்லவள். தெரிந்தே தன் உயிரைக் கொடுத்தவள். தம்பி சொன்ன "அவ பக்கத்து நியாயம்" இதுதான்.

தோழர்களே, இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். முதல் கதையில் டெய்சிக்குக் குறைந்தபட்சம் சொந்தக் கோபம் இருந்தது. தப்பாகவே காட்டியிருந்தாலும் அவள் செய்தது அவள் முடிவு. திருத்திய கதையில் அந்த முடிவையும் பிடுங்கி இரண்டு வெள்ளை விஞ்ஞானிகள் கையில் கொடுத்துவிட்டார்கள். அவள் மரணம் அவள் மக்களுக்காகக்கூட இல்லை. ஒரு வெள்ளைக்காரப் பெண் பெரியவளாவதற்காக. இந்த எக்ஸ்பான்ஷனை எழுதியவர்கள் டெய்சியின் கண்ணால் பார்க்கவும் இல்லை. பார்ப்பது எலிசபெத். டெய்சியின் நியாயத்தைக்கூட அவளைக் கொன்றவள் ஒட்டுக்கேட்டுத்தான் நமக்குச் சொல்கிறாள்! கெட்டவள் என்ற பழியை எடுத்தார்கள், பதிலுக்குத் தியாகி என்ற சங்கிலியைப் போட்டார்கள். கத்தரிக்கோல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இந்த வேலை நமக்குப் புதிதா? நந்தனை நினைத்துப் பாருங்கள். சுந்தரர் பெயரளவில் சொன்னார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்துச் சொன்னார். 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி கீர்த்தனையாக்கினார். சேக்கிழாரிடம் இல்லாத வேதியர் என்ற பண்ணையாரைக் கொண்டுவந்தார், நந்தன் படும் பாட்டைக் கூட்டினார், கடைசியில் அந்த வேதியரையே நந்தன் முன் பணிய வைத்தார். 1935-லும் 1942-லும் சினிமாவும் வந்தது. ஒவ்வொரு முறையும் நந்தன் மேல் இரக்கம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. பார்த்தவர்கள் அழுதிருக்கிறார்கள். தில்லையில் மூட்டிய நெருப்பை மட்டும் ஒருவரும் அணைக்கவில்லை. நந்தன் எவ்வளவு நல்லவனோ அவ்வளவு சந்தோஷமாக அதில் இறங்க வேண்டும்.

அந்த நெருப்பில் கை வைத்தவர் அயோத்திதாசப் பண்டிதர். 'தமிழன்' இதழில் எழுதிய இந்திரர் தேச சரித்திரத்தில் அவர் நந்தனுக்கு இரக்கம் கேட்கவில்லை. நந்தன் பண்ணையாளே இல்லை, பௌத்த அரசன், வேஷ பிராமணர்கள் சூழ்ச்சி செய்து அவனைக் கொன்றார்கள் என்று எழுதினார். இதை வரலாற்று ஆதாரமாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று அறிஞர்கள் விவாதிக்கட்டும். நமக்கு இங்கே வேண்டியது அவர் செய்த முறை. பெரிய புராணத்துக்குக் கூடுதலாக ஒரு அத்தியாயம் எழுதித் தரவில்லை அவர். மூலக் கதையே எங்களுடையது, நீ சொல்வதுதான் பின்னால் ஒட்டவைத்தது என்றார். அம்பேத்கர் 1948-இல் தீண்டப்படாதார் யார் என்பது பற்றிய தன் நூலை நந்தனார், ரவிதாஸ், சோக்கமேளா மூவர் நினைவுக்கும் சமர்ப்பித்துவிட்டு, உள்ளே தீண்டாமையின் தோற்றத்தையே வேறாக எழுதினாரே, அதுவும் இந்த வகைதான்.

கறுப்பினக் கதையை ஏன் நம் கதையோடு முடிச்சுப் போடுகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு: முடிச்சுப் போட்டது நாங்கள் அல்ல. ஜோதிபா பூலே 1873-இல் தன் 'குலாம்கிரி'யை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பித்தார். அம்பேத்கர் 1946-இல் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-இல் பம்பாயில் நம் தோழர்கள் தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்தது யாரைப் பார்த்து?

நேர்மையாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த வகை எக்ஸ்பான்ஷன்களில் நாங்கள் மதிக்கும் ஒன்று உண்டு. அசாசின்ஸ் கிரீட் 4 பிளாக் ஃபிளாக்கில் அடேவாலே என்று ஒருவர் வருவார். டிரினிடாடில் அடிமையாகப் பிறந்தவர். 1715-இல் அவரும் எட்வர்டும் சேர்ந்து ஸ்பானியர்களிடமிருந்து தப்பிக் கப்பலைக் கைப்பற்றுகிறார்கள். கேப்டன் ஆவது எட்வர்ட். தன் நிறத்தைப் பார்த்தால் இந்த ஆட்கள் கேப்டனாக ஏற்கமாட்டார்கள் என்று அடேவாலேயே சொல்லிவிடுகிறார். எல்லா வேலையும் தெரிந்தும் இரண்டாம் இடம். (இயக்கங்களிலும் கட்சிகளிலும் இருக்கும் தோழர்களுக்கு இந்தக் கப்பலை எங்கோ பார்த்தது போல இருக்கும்.) 2013 டிசம்பரில் வந்த 'ஃப்ரீடம் க்ரை' எக்ஸ்பான்ஷனில் அடேவாலேதான் நாயகன், கேப்டனும் அவர்தான். இடம் சான் டொமிங்கோ, இன்றைய ஹைட்டி. அதில் ஒரு காட்சி. அடிமைகளை ஏற்றி வரும் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்களே சுட்டு மூழ்கடிக்கிறார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் அடித்தளத்தில் சங்கிலியோடு கிடப்பவர்களுக்கு நடுவே நாம் நடக்கிறோம். எல்லோரையும் காப்பாற்ற முடியாது. எவ்வளவு வேகமாகப் பொத்தானை அழுத்தினாலும் முடியாது. கேம் என்றாலே ஜெயிப்பது என்று பழகியவர்களின் கையைக் கட்டிப்போடும் காட்சி அது. நல்ல காட்சி.

அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. எத்தனை அடிமைகளை விடுவித்தோம் என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். இத்தனை பேர் ஆனால் புது ஆயுதம், இத்தனை பேர் ஆனால் பெரிய தோட்டாப் பை. ஆளைத் தலைக்கணக்கில் எண்ணி விலை போட்டதுதான் அடிமை வியாபாரம். விடுதலையையும் அதே தலைக்கணக்கில் எண்ணினால் எப்படி? அந்த மண்ணில் உண்மையில் நடந்ததும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. 1804-இல் ஹைட்டியின் மக்கள் தாங்களே போராடி விடுதலை வாங்கினார்கள். 1825-இல் போர்க்கப்பல்களை நிறுத்தி மிரட்டி, 15 கோடி ஃபிராங்க் நஷ்டஈடு கேட்டது பிரான்ஸ். யாருக்கு நஷ்டம்? அடிமைகளை இழந்த முதலாளிகளுக்காம்! இதைப் பற்றி ஒரு எக்ஸ்பான்ஷன் எடுங்களேன், பார்ப்போம்.

சரி, எந்தப் பாத்திரத்துக்கு எக்ஸ்பான்ஷனே கிடைப்பதில்லை? ஹாஃப்-லைஃபில் காவலாளிக்குக் கிடைத்தது, சிப்பாய்க்குக் கிடைத்தது, இரண்டு பெண் விஞ்ஞானிகளுக்கும் கிடைத்தது. அத்தனை பெரிய ஆராய்ச்சிக் கூடத்தைக் கூட்டித் துடைத்தவருக்குக் கிடைக்கவில்லை. அந்த இடத்தைக் கிண்டலாகத் தொட்டது 'விசெரா கிளீனப் டீடெய்ல்' என்ற வேறொரு கேம். 2015-இல் முழுதாக வந்தது. ஹீரோ சுட்டுத் தள்ளிவிட்டுப் போன பிறகு, கையில் மாப்பும் வாளியுமாக உள்ளே வருபவர் நாம்தான். ரத்தத்தைத் துடைக்க வேண்டும், உடல் துண்டுகளைப் பொறுக்கி எரிக்க வேண்டும். வாளித் தண்ணீர் அழுக்கானால் துடைக்கத் துடைக்கக் கறை கூடும். ஷேடோ வாரியர் என்ற சண்டை கேமின் ஹீரோ நாசம் செய்த கோயிலைச் சுத்தம் செய்வதற்கென்றே இதில் ஒரு தனிப் பகுதி உண்டு. எங்கள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும், அவள் அம்மா தூய்மைப் பணியாளர், கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு லேப்டாப்பைத் தள்ளி வைத்தாள். "இதுல நாத்தம் இல்லையேக்கா" என்றாள்.

அந்த கேமை நக்கலுக்காகச் செய்தார்கள், அதற்காக அவர்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் 2014 மார்ச் 27 அன்று, டெய்சியைத் தியாகியாக்கிய அந்த எக்ஸ்பான்ஷன் வெளிவந்த இரண்டாம் நாள், சாக்கடையில் இறங்கி இறந்தவர் குடும்பத்துக்குப் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது, இறங்குவது நிற்கவில்லை. இப்படி ஒரு நாட்டில் மாப்பும் வாளியும் எங்களுக்கு வெறும் நக்கலாகத் தெரிய வாய்ப்பில்லை.

தம்பியின் கேள்விக்கு வருகிறோம். டெய்சியின் பக்கத்தைக் காட்டியது போதாது. அவள் பக்கம் என்ன என்பதை முடிவு செய்யும் இடத்தில் டெய்சிகள் இருந்தார்களா என்று கேட்கிறோம். எக்ஸ்பான்ஷனின் இயல்பே இதுதான்: முதல் கதையில் நடந்ததை அது மாற்ற முடியாது. டிராம் போயே தீரும், கதவு பூட்டியே இருக்கும், டெய்சி செத்தே ஆக வேண்டும். நடுவில் இருக்கும் சந்துகளில் மட்டும் புது ஆள் நடந்து போய்க்கொள்ளலாம். ஊருக்குள் தெருவைத் திறந்துவிடாமல், சுற்றிப் போக ஒரு பாதை போட்டுக் கொடுப்பது மாதிரி. அந்தப் பாதைக்கு நன்றி சொல்லச் சொல்கிறீர்களா?

இதைச் சொன்னதும் தம்பி, "அப்போ நீங்களே ஒரு கேம் பண்ணுங்க" என்றான். கோபத்தில் சொன்னதுதான், நாங்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளே ஒரு கோடு போடாத நோட்டு வந்துவிட்டது. கதை எங்கே தொடங்குவது என்பதிலேயே இரண்டு கட்சி. தம்பிக்குத் துப்பாக்கியோடு தொடங்க வேண்டும். லேப்டாப்பைத் தள்ளி வைத்தாளே, அவளுக்கு காம்ஸ்டாக் வீட்டு அடுப்படியில் இருந்து, பழி விழுவதற்கு முந்தைய நாளில் இருந்து தொடங்க வேண்டும். பாத்திரம் கழுவுவதையும் விளையாடத்தான் வேண்டும் என்கிறாள். குழந்தை மேல் துப்பாக்கி நீட்டும் காட்சி நோட்டில் இன்னும் வரவில்லை. வரவே வேண்டாம் என்று சிலர். வரட்டும், ஆனால் அடுத்து நடப்பது வேறாக இருக்கட்டும் என்று சிலர்.

கோடோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, எங்கள் பழைய லேப்டாப்பிலும் ஓடுகிறது. அதில் வேலை தெரிந்த மாணவர்கள் இருந்தால் சனிக்கிழமை மாலை வாருங்கள். வரைபவர்கள், ஒலிப்பதிவு தெரிந்தவர்கள் வந்தாலும் நல்லது. கதை சொல்ல மட்டும் ஆள் வேண்டாம், அது இங்கே நிறைய இருக்கிறது.